பள்ளிகளின் கருவி ஆயத்தத்தை அளந்தறிதல்

ஒரு கல்வி மாவட்டத்தில் எத்தனை கணினிகள் இருக்கின்றன என்ற வினாவிற்கு விடை காண்பது எளிது. ஒவ்வொரு பள்ளியின் இருப்புப் பதிவேட்டையும் பார்த்துக் கூட்டினால் போதும். ஆனால், அக்கணினிகளைக் கொண்டு ஒரு திங்கட்கிழமை காலை 11 மணிக்கு எத்தனை வகுப்புகளில் பாடம் நடத்த இயலும் என்ற வினாவிற்கு எந்தப் பதிவேடும் விடை கூறுவதில்லை. முதல் வினா உடைமையைப் பற்றியது. இரண்டாவது ஆயத்தத்தைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் நேரும் பிழை ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. கணினி இருப்பதாக ஒரு பள்ளி கணக்கில் ஏறிவிட்டால், அதற்கு மற்றொன்று வழங்கப்படமாட்டாது, பழுதுபார்ப்போரும் அனுப்பப்படமாட்டார்கள். அப்பள்ளியில் பயிலும் பிள்ளை, கணக்கில் கருவியுள்ள மாணவனாகவும், வகுப்பில் கருவியற்ற மாணவனாகவும் ஆண்டுகளைக் கழிக்க நேரும்.

ஆயத்தத்தை அளந்தறியும் முறையைக் கள ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். உதாரணமாக, கேரள மாநிலத்தின் தென்கோடியிலுள்ள நெய்யாற்றின்கரைக் கல்வி மாவட்டம் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

எல்லைப்புறக் கல்வி மாவட்டம்

திருவனந்தபுரம் வருவாய் மாவட்டம், கல்வி நிருவாகத்தின் பொருட்டு, திருவனந்தபுரம், ஆற்றிங்கல், நெய்யாற்றின்கரை என மூன்று கல்வி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, பாலராமபுரம், காட்டாக்கடை ஆகியவை இவற்றுள் மூன்றாவதைச் சேர்ந்த உபமாவட்டங்கள். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அத்தாலுகாவின் கடற்கோடியில், நெய்யாறு கடலில் கலக்கும் பூவாற்றை அடுத்து, பொழியூர் என்னும் மீனவர் ஊர் அமைந்துள்ளது. அங்கிருந்து கரையோரமாகச் சிறிது தூரம் நடந்தால் கன்னியாகுமரி மாவட்டத்து நீரோடி வந்துவிடும். கடல் ஒன்று, தொழில் ஒன்று. பிள்ளைகளின் கல்வி மட்டும் இரு மாநிலங்களின் பொறுப்பு.

இவ்விடத்தை உதாரணமாகக் கொள்வதற்குக் காரணங்கள் மூன்று. பள்ளிகளுக்குக் கருவிகளை மிகுதியாக வழங்கிய மாநிலங்களுள் கேரளம் ஒன்று. கடற்காற்றும் பருவமழையும் கருவிகளைச் சோதிக்கும் நிலம் இது. மூன்றாவதாக, மலையாளமும் தமிழும் அருகருகே வழங்கும் எல்லைப்புறமாதலால், கருவியில் வரும் பாடத்தின் மொழியும் இங்கே ஆராயத்தக்க விஷயமாகிறது.

கருவிகள் வந்த வரலாறு

பள்ளிகளில் கணினியைப் புகுத்தும் முயற்சி இந்தியாவில் 1984-85ஆம் ஆண்டில் தொடங்கியது. ‘கிளாஸ்’ என்று வழங்கப்பட்ட அத்திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 250 உயர்நிலைப் பள்ளிகளுக்கு முதலில் நுண்கணினிகள் அளிக்கப்பட்டன. கேரளத்தில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் 2001ஆம் ஆண்டளவில் உருவாயிற்று. 2004 செப்டம்பர் 20ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் என்னும் கல்விச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன் துணைகொண்டு நடத்தப்பெற்ற ‘விக்டர்ஸ்’ கல்வித் தொலைக்காட்சியை 2005 ஜூலை 28ஆம் தேதி குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தார். 2010இல் அச்செயற்கைக்கோளின் பணி முடிவுற்றது. தொலைக்காட்சி வேறு வழிகளில் தொடர்ந்தது. கோளின் பணி முடிந்த பின்னரும், அதற்கென நிறுவிய தட்டு அலைவாங்கி ஒரு பள்ளியின் கூரைமேல் இருக்கக்கூடும். எண்ணுவோர் அதையும் ஓர் உபகரணமாக எண்ணக்கூடும். உடைமைக் கணக்கின் குறையை விளக்க இவ்வோர் உதாரணமே போதியது.

2017இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக மாற்றப்பட்டது. 2018 ஜனவரியில் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டம், எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினி, புரொஜெக்டர் முதலியன அளிப்பதை நோக்கமாகக் கொண்டது. அடுத்த ஆண்டு தொடக்கப்பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 16,027 பள்ளிகளுக்கு 3,74,274 உபகரணங்கள் வழங்கப்பெற்ற நிலையில், பொதுக் கல்வித் துறையில் கேரளம் முழுமையான டிஜிட்டல் மாநிலமாகிவிட்டது என முதலமைச்சர் பினராயி விஜயன் 2020 அக்டோபர் 12ஆம் தேதி அறிவித்தார். எல்லைக்கு இப்பால், தமிழ்நாட்டு அரசாங்கம் 2011இல் மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2019இல் கல்வித் தொலைக்காட்சியையும் நிறுவியது.

இவை பெருமைக்குரிய எண்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், எண்கள் சொல்லாத ஒன்றை அதே 2020ஆம் ஆண்டு வெளிப்படுத்தியது.

2020ஆம் ஆண்டின் பாடம்

நோய்த்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த நிலையில், 2020 ஜூன் 1ஆம் தேதி விக்டர்ஸ் தொலைக்காட்சி வாயிலாக ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்னும் வகுப்புகள் தொடங்கின. அதற்குமுன் மாநிலத்தில் நடத்திய கணக்கெடுப்பில், தொலைக்காட்சியோ இணையமோ கிட்டாத மாணவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர் என்று தெரியவந்தது. இதனால், முதற்பகுதி ஒளிபரப்பு சோதனையாகவே கருதப்பட்டு, அப்பாடங்கள் மீண்டும் ஒளிபரப்பப்பட்டன; நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொதுப் பார்வை நிலையங்கள் ஏற்படுத்தப்பட்டன. தமிழ், கன்னடம் ஆகிய மொழிகளில் பயில்வோருக்கும் பாடங்கள் தயாரிக்கப்பட்டன.

இந்நிகழ்ச்சியில் கள ஊழியர்கள் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அதுவரை பள்ளியின் கருவிகளே எண்ணப்பட்டு வந்தன. பாடம் வீட்டிற்குச் செல்ல நேர்ந்ததும் வினா மாறிவிட்டது. அம்மாறிய வினாவையும் சரியாகக் கேட்டல் வேண்டும். ‘வீட்டில் கைபேசி உண்டா?’ என்று மீனவர் குடும்பத்தில் வினவினால், ‘உண்டு’ என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அக்கைபேசியைத் தந்தை கடலுக்கு எடுத்துச் செல்பவராயின், பாட நேரத்தில் அது வீட்டில் இராது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைபேசியாயின், ஒருவர் படிக்கும்போது இருவர் காத்திருப்பர். ஆகவே, ‘பாட நேரத்தில் கைபேசி யாரிடம் இருக்கும்?’ என்பதே கேட்கத்தக்க வினா. பொருள் உண்டா என்று கேட்பதை விட்டு, வேண்டிய வேளையில் வேண்டியவர் கையில் அது இருக்குமா என்று கேட்பதே ஆயத்தத்தை அளப்பதன் தொடக்கமாகும்.

கூட்டலும் பெருக்கலும்

மாவட்டங்களை ஒப்பிடுவதற்குப் புள்ளிகளைக் கூட்டும் முறை வழக்கிலுள்ளது. மத்திய கல்வி அமைச்சகம் 2022இல் முதன்முறையாக வெளியிட்ட மாவட்டச் செயல்திறன் குறியீட்டில் மொத்தம் 600 புள்ளிகள். அவற்றுள் 50 டிஜிட்டல் கல்விக்கு உரியவை. பரந்த ஒப்பீட்டிற்கு இம்முறை ஏற்றதே. ஆனால், ஒரு பள்ளியில் பாடம் நடக்குமா என்பதைக் கூட்டலால் அறிய இயலாது. காரணம் வருமாறு:

கருவி வழியாக ஒரு பாடம் நடைபெற நான்கு நிபந்தனைகள் ஒரே வேளையில் நிறைவேற வேண்டும். மின்சாரம் இருத்தல் வேண்டும். உபகரணம் இயங்குதல் வேண்டும். தொடர்பு கிட்டுதல் வேண்டும். ஆசிரியர் அதைப் பயன்படுத்த வல்லவராயும், பாடம் மாணவர் அறிந்த மொழியில் அமைந்ததாயும் இருத்தல் வேண்டும். இவை சங்கிலியின் கண்ணிகளைப் போன்றவை. ஒரு கண்ணி அறுந்தால், மற்ற மூன்றின் வலிமையால் பயனில்லை.

கற்பனையாக ஒரு பள்ளியைக் கொள்வோம். நூறு பாட நேரங்களில் மின்சாரம் 90இலும், உபகரணம் 80இலும், தொடர்பு 70இலும், ஆசிரியர் ஆயத்தம் 60இலும் நிறைவேறுவதாக வைத்துக்கொள்வோம். இவற்றைக் கூட்டிச் சராசரி கண்டால் 75 வரும். பள்ளி நன்னிலையில் இருப்பதாகத் தோன்றும். தடைகள் ஒன்றையொன்று சாராது நிகழ்வனவாயின், நான்கையும் பெருக்க வேண்டும்: 0.9 × 0.8 × 0.7 × 0.6 = 0.30. அதாவது, நூறு பாடங்களில் முப்பதே நடைபெறும். எல்லாத் தடைகளும் ஒரே நாட்களில் கூடிவந்தாலும், மிகக் குறைந்த கண்ணியின் அளவாகிய 60ஐ விஞ்ச வழியில்லை. சராசரியாகிய 75 எந்நிலையிலும் உண்மையாகாது.

எதை முதலில் சீர்செய்வது என்பதையும் இக்கணக்கே காட்டுகிறது. புதிய கருவிகள் வாங்கி உபகரணத்தின் அளவை 80இலிருந்து 95க்கு உயர்த்தினால், நடைபெறும் பாடங்கள் 30இலிருந்து 36 ஆகும். அதற்கு மாறாக, பயிற்சியினால் ஆசிரியர் ஆயத்தத்தை 60இலிருந்து 80க்கு உயர்த்தினால் அவை 40 ஆகும். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பொருளைப் பகிர்ந்தளிப்பதினும், ஒவ்வொரு பள்ளியிலும் மெலிந்த கண்ணியைக் கண்டு அதை வலுப்படுத்துவதே சிக்கனமான வழி.

இனி ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே நோக்குவோம்.

மின்சாரம்

கேரளம் முழுவதும் மின்னிணைப்புப் பெற்ற மாநிலமாக 2017இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும், இணைப்பு உண்மையில் மின்சாரம் கிடைப்பதற்கு உறுதியாகாது. வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் வழங்கும் மின்னழுத்தம் 230 வோல்ட். அது அவ்வளவை ஒட்டியே நிற்றல் வேண்டும். இதை அளவியைக் கொண்டு பார்த்தறியலாம். காலையில் வெற்று வகுப்பில் அளப்பது பயனற்றது. மின்விசிறிகளும் புரொஜெக்டரும் ஒருங்கே இயங்கும்போது, மின்பலகைக்கு மிகத் தொலைவிலுள்ள அறையில் அளத்தல் வேண்டும்.

இடி மின்னலும் கவனத்திற்குரியது. கேரளத்தில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் துலாவர்ஷக் காலத்துப் பிற்பகல்களில் இடிமழை மிகுதி. பள்ளிகளைப் பற்றிய யு-டைஸ் புள்ளிவிவரம் செப்டம்பர் 30ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு திரட்டப்பட்டு வந்த மரபை இத்துடன் சேர்த்து எண்ணுதல் வேண்டும். செப்டம்பர் இறுதியில் நன்றாக இயங்கிய கருவி, டிசம்பரிலும் இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. நில இணைப்பு சரியாக உள்ளதா என்பதை மழைக்காலத்திற்கு முன்னரே பரிசோதித்தல் நலம்.

தடையில்லா மின்வழங்கியின் மின்கலம் சாதாரணமாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். கோடை விடுமுறையில் மின்னேற்றமின்றி விடப்பட்ட ஈய அமில மின்கலத்தின் தகடுகளில் கந்தகைப் படிவு ஏற்பட்டு, அது மின்னைத் தேக்கும் ஆற்றலை இழந்துவிடும். விளக்கு எரிவதைக் கண்டு மின்கலம் நன்றென முடிவு கட்டலாகாது. மின்னிணைப்பைத் துண்டித்து, ஒரு பாட வேளையாகிய 40 நிமிடம் கணினி இயங்குகிறதா என்று பார்ப்பதே தக்க பரிசோதனை.

உபகரணம்

கடற்கரைப் பள்ளிகளில் உபகரணங்களின் முதற்பகை உப்புக்காற்று. அலைகள் உடைந்து தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாகி, கருவிகளின் உள்ளே படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவிகிதத்தைக் கடந்தால், சோற்றுப்புத் துகள் அவ்வீரத்தை உறிஞ்சிக் கரைசலாக மாறுகிறது. அக்கரைசல் செம்பையும் இரும்பையும் அரிப்பதோடு, மின்னோட்டத்திற்குத் தவறான பாதையையும் ஏற்படுத்துகிறது. பருவமழைக் காலத்தில் இவ்வளவு ஈரம் பொழியூர் போன்ற கரையூர்களில் இயல்பு.

இதிலிருந்து பெறப்படும் முடிவு பலருக்கு வியப்பளிக்கும். கெட்டுவிடுமோ என்று அஞ்சி அலமாரியில் பூட்டிவைத்த கணினி, நாள்தோறும் பயன்படும் கணினியைவிட விரைவில் கெடக்கூடும். இயங்கும் கணினியின் வெப்பம் அதன் உள்ளிருக்கும் ஈரத்தை உலர்த்துகிறது. பூட்டிய கணினிக்கு அவ்வுதவி இல்லை. எனவே, ‘பாதுகாப்பாக வைக்கப்பட்டுள்ளது’ என்ற குறிப்பைக் கண்டால், ஊழியர் அதை நற்குறியாகக் கொள்ளாமல், அக்கருவியை இயக்கிக் காட்டுமாறு கேட்டல் வேண்டும்.

கடலோரப் பள்ளிகள் பேரிடர்க் காலத்தில் நிவாரண முகாம்களாகவும் பயன்படுகின்றன. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் கரையூர்களைப் பெரிதும் வருத்தியது. வகுப்பறையில் மக்கள் தங்க நேரின், கருவிகளை எங்கே மாற்றுவது, யார் பொறுப்பேற்பது என்ற ஏற்பாடு முன்கூட்டியே எழுத்தில் இருத்தல் வேண்டும்.

பராமரிப்பைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது தவறு. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சிப் பாடங்கள் அனுப்பிய ‘சைட்’ பரிசோதனையில், பழுதுபார்க்கும் நிலையங்களும் உதிரிப் பாகங்களும் திட்டத்தின் ஓர் உறுப்பாகவே தொடக்கத்தில் அமைக்கப்பட்டன. 2018இல் கேரளப் பள்ளிகளுக்கு வந்த கருவிகளுக்கும் ஐந்தாண்டு உத்தரவாதம் பெறப்பட்டிருந்தது. அக்காலம் 2023ஆம் ஆண்டளவில் முடிந்துவிட்டதாதலால், பழுதுச் செலவை இப்போது யார் ஏற்கிறார்கள் என்பதை ஒவ்வொரு பள்ளியிலும் கேட்டுக் குறித்தல் அவசியம்.

தொடர்பு

இணைய இணைப்பின் வேகத்தை அலுவலக அறையில் அளந்து எழுதுவது பொதுவான தவறு. 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பை 20 கணினிகள் ஒருங்கே பகிர்ந்தால், ஒவ்வொன்றிற்கும் அரை மெகாபிட்டே கிட்டும். தெளிவான படக்காட்சிக்கு அது போதாது. அத்தகைய பள்ளியில், பாடத்தை முதல்நாள் மாலையே ஒரு கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு, மறுநாள் புரொஜெக்டர் வழியாக வகுப்பு முழுவதற்கும் காட்டினால் இணைப்பின் குறை தடையாகாது. ஆகவே, ‘வேகம் என்ன?’ என்பதோடு, ‘இணைப்பு இல்லாத நாளில் பாடம் நடத்த என்ன ஏற்பாடு?’ என்றும் கேட்டல் வேண்டும்.

எல்லைப்புறத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு. தொலைபேசிச் சேவையில் கேரளமும் தமிழ்நாடும் வேறு வேறு வட்டங்கள். எல்லையை ஒட்டிய வீடுகளில் கைபேசி அண்டை வட்டத்துக் கோபுரத்தைப் பற்றிக்கொள்வதும், இரண்டிற்கும் இடையே தடுமாறுவதும் நிகழும். ஊரின் ஒரு முனையில் அளந்த வேகத்தை ஊர் முழுவதற்கும் உரியதாக எழுதலாகாது.

ஆசிரியரும் மொழியும்

மேற்கூறிய மூன்றும் நிறைவாக இருப்பினும், பாடத்தை நடத்துபவர் ஆசிரியரே. பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் எண்ணிக்கை அவர்கள் பெற்ற சான்றிதழ்களைக் காட்டும், பயன்பாட்டைக் காட்டாது. கருவியை இயக்கத் தொடங்கிய நொடியிலிருந்து பாடம் தொடங்கும் வரை எத்துணை நேரம் செல்கிறது என்பதைக் கடிகாரத்தைக் கொண்டு அளத்தல் சிறந்த சோதனை. 40 நிமிடப் பாடத்தில் 10 நிமிடம் இணைப்பதிலேயே கழிந்தால், பாடத்தின் கால்பகுதி போய்விட்டது. இவ்வேலையில் மாணவர்கள் பெரிதும் உதவக்கூடும். 2018இல் கேரளப் பள்ளிகளில் அமைக்கப்பட்ட ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் குழுக்கள் இத்தகைய பயிற்சியை மாணவர்களுக்கு அளிக்கின்றன.

மொழி இவ்வெல்லைப்புறத்தில் மறக்கலாகாத கண்ணி. வீட்டில் தமிழ் பேசி, மலையாளப் பள்ளியில் பயிலும் பிள்ளை உண்டு. தமிழ்வழியே பயிலும் பிள்ளையும் உண்டு. கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதால், உரிமக் கட்டணமின்றித் தமிழ் எழுத்துருவையும் விசைப்பலகை அமைப்பையும் எக்கணினியிலும் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்கப்பட்டுள்ளதா என்பதை, ஒரு மாணவனைத் தன் பெயரைத் தமிழில் தட்டெழுதச் சொல்லி ஒரு நிமிடத்தில் கண்டறியலாம்.

பள்ளிக்குச் செல்லும் ஊழியர் செய்யவேண்டியவை

1. பாடம் நடக்கும் வேளையில் செல்லுதல். முடிந்தால், மழைக்காலத்தில் ஒருமுறையும் வறண்ட காலத்தில் ஒருமுறையும் செல்லுதல்.

2. ஒவ்வொரு கருவிக்கும் மூன்று பத்திகளில் குறித்தல்: உண்டு, இயங்குகிறது, சென்ற வாரம் பயன்பட்டது. மூன்றாவது பத்திக்குச் சான்று கேட்டல்.

3. கருவியை இயக்கிக் காட்டுமாறு தலைமையாசிரியரைக் கேட்பதோடு நில்லாமல், ஒரு மாணவனையும் கேட்டல்.

4. மின்னழுத்தம், மின்கலத்தின் உழைப்பு, இணைப்பின் வேகம், பாடம் தொடங்கும் நேரம் ஆகிய நான்கையும் அளந்து எழுதுதல்.

5. பழுது ஏற்பட்ட நாள், புகார் அனுப்பிய நாள், சீர்செய்யப்பட்ட நாள் ஆகியவற்றைக் குறித்தல். பழுதைவிடப் பழுது நீடித்த நாட்களே முக்கியம்.

6. நான்கு கண்ணிகளுள் மெலிந்தது எது என்பதை அறிக்கையின் முதல் வரியில் எழுதுதல்.

உண்மையான விடையைப் பெறும் வழி

இம்முறை முழுவதும் ஒன்றை நம்பி நிற்கிறது: பள்ளி உண்மையைச் சொல்ல வேண்டும். பழுதான கருவிக்குத் தம்மைப் பொறுப்பாக்கிவிடுவார்களோ என்று அஞ்சும் தலைமையாசிரியர், ‘உண்டு’ என்ற பத்தியில் குறியிட்டுவிட்டு அமைவது மனித இயல்பு. அக்குறி அவரைக் காக்கும், பள்ளியைக் காக்காது. ஆகையால், ஆயத்தத்தை அளக்க வரும் ஊழியர், தாம் தணிக்கைக்கு வரவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவுறக் கூறுதல் வேண்டும். பழுதைத் தெரிவித்த பள்ளிக்குக் கண்டனக் கடிதத்திற்கு முன்னர்ப் பழுதுபார்ப்பவர் வந்து சேர்ந்தால், அடுத்த ஆண்டு அண்டைப் பள்ளிகளும் உண்மையையே எழுதும்.

பொழியூர்க் கரையில் ஒரு பிள்ளை பள்ளிக்கு வருகிறாள். அவள் வகுப்பில் புரொஜெக்டர் உண்டு என்பது திருவனந்தபுரத்திலும் புது தில்லியிலும் தெரியும். அது இன்று எரியுமா என்பதை அப்பள்ளியின் ஆசிரியரும் அங்கு சென்று பார்க்கும் ஊழியருமே அறிவர். அவர்கள் அறிந்ததை அறிந்தவாறே எழுதினால்தான், மேலிடத்து எண்களுக்குப் பொருள் உண்டாகும்.